பெட்டியில் வந்த காரும் ஒரு பிரேக் பஞ்சாயத்தும்

இங்கிலாந்தில் காரைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள் என்று சொன்னால், பொள்ளாச்சியில் என் நண்பர்கள் யாரும் நம்புவதில்லை. "பொம்மைக் காருங்களா?" என்று கேட்கிறார்கள். நிஜக் கார்தான். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த ஒரு கூடு, அலுமினியத் தகடுகள், ஃபைபர் மட்கார்டுகள், சஸ்பென்ஷன் கம்பிகள், ஒரு மூட்டை நட்டு போல்ட். இவைதான் பெட்டிக்குள் இருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாவற்றையும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். இதற்குக் 'கிட் கார்' என்று பெயர். பாகங்களைக் கொடுக்கும் பழைய காருக்கு 'டோனர்'. சிறுநீரகம் கொடுக்கிறவரைச் சொல்கிற அதே வார்த்தை.

இந்தப் பழக்கம் அங்கே வேரூன்றியதற்கு வரியும் ஒரு காரணம். 1957-ல் காலின் சாப்மன் என்பவரின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், 'கழற்றுவது எப்படி' என்று ஒரு தாள் கொடுத்துக் கடைசி வரியிலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதையை இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். 1973-ல் அந்தக் காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. இன்றும் அவர்கள் செய்கிறார்கள். அதே சாயலில் கிட் செய்து விற்கும் சின்னச் சின்னக் கம்பெனிகளும் இருக்கின்றன.

அப்படி ஒரு கிட்டைத்தான் கவென்ட்ரியில் இருக்கும் என் மகள் வாங்கியிருந்தாள். அவள் மெக்கானிக்கல் எஞ்சினீயர். டோனராக அவள் பிடித்தது துருப்பிடித்த ஒரு மாஸ்டா எம்.எக்ஸ்-5. அந்த ஊரில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். நல்ல எஞ்சின் இருக்கும்போதே அடித்தட்டு பொடிப்பொடியாய் உதிர்ந்துபோகிறது. அதனால் டோனர் கார்களுக்குப் பஞ்சமில்லை.

நானும் என் மனைவியும் ஆறு மாத விசாவில் போய் இறங்கியபோது பாதி வேலை முடிந்திருந்தது. நான் அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பத்து மூன்று வருடம் மெக்கானிக்காக இருந்தவன். அதில் பெரும்பகுதி பிரேக் வேலை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து இறங்கி வந்த வண்டியின் டிரம்மில் கை வைக்க முடியாது. லைனிங் கருகிய வாசனையை வைத்தே, டிரைவர் கியரில் இறக்கினாரா, பிரேக்கில் இறக்கினாரா என்று சொல்லிவிடுவேன். ஆகவே, மகளின் கராஜுக்குள் நுழைந்ததும் என் கண் நேராக பிரேக் பைப்புக்குத்தான் போனது.

"ஏங்கண்ணு, பழைய வண்டியில ஏபிஎஸ் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கப்பா. கழட்டி வெச்சுட்டேன். விக்கப் போறேன்."

மேசைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியில், கை கால் கட்டிப் போட்ட மாதிரி அந்த யூனிட் கிடந்தது. ஓர் அலுமினியக் கட்டி, அதன் மேல் மோட்டார், பைப் பூட்டும் ஓட்டைகள். அன்று தொடங்கிய பஞ்சாயத்து மூன்று வாரம் நடந்தது.

ஏபிஎஸ் என்பதைப் பலர் 'வண்டி சீக்கிரம் நிற்க உதவுவது' என்று நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை அதுவல்ல. பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் உருளாது, சறுக்கும். சறுக்கும் முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். ஏபிஎஸ், ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் பல் வைத்த ஒரு வளையத்தையும் ஒரு சென்சாரையும் கொண்டு அளக்கிறது. ஏதாவது ஒரு சக்கரம் சட்டென்று வேகம் இழந்தால், 'பூட்டப் போகிறது' என்று புரிந்துகொண்டு, அதற்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வு மூலம் விடுவிக்கிறது. சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி அழுத்தம். இதை ஒரு நொடிக்குள் பல முறை செய்யும். காலுக்கு அடியில் பெடல் படபடவென்று அதிர்வது அதனால்தான். அந்த நேரத்தில் பயந்து காலை எடுக்கக் கூடாது. மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும்.

பழைய டிரைவர்கள் இதைக் காலாலேயே செய்தார்கள். மிதி, விடு, மிதி, விடு. ஜீப்பிலும் அம்பாசடரிலும் அது நடக்கும். காற்று பிரேக் உள்ள பஸ்ஸில் அப்படி மிதித்துக்கொண்டே இருந்தால் டேங்கில் காற்று தீர்ந்துவிடும். பிறகு பிரேக்கே இருக்காது. எவ்வளவு கெட்டிக்காரக் காலாக இருந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பெடல்தான். ஒரு சக்கரத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மனிதக் காலால் முடியாது.

நான் இதையெல்லாம் சொன்னபோது மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அவள் பக்கத்தைச் சொன்னாள்.

"அப்பா, அந்த யூனிட் ஆயிரம் கிலோ வண்டிக்குனு கணக்குப் போட்டுச் செஞ்சது. இது அறுநூறு கிலோதான். முன்னாடி பின்னாடி எடை விழற விதமே வேற. அதோட மூளைக்குள்ள இருக்கற கணக்கை என்னால மாத்த முடியாது. தப்பா வேலை செய்யற ஏபிஎஸ், இல்லாததைவிட மோசம் இல்லீங்களா?"

நியாயமான கேள்வி. அந்தக் கருவிக்குக் கண் கிடையாது. நான்கு சக்கரங்களின் வேகமும், பிரேக் மிதிபட்டதா என்ற ஒரு சுவிட்சும் மட்டுமே அதற்குத் தெரியும். மீதியெல்லாம் அனுமானம். இலேசான வண்டியில் மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பினால், 'ஐயோ, வழுக்குகிறது' என்று எண்ணி அழுத்தத்தை விட்டுவிடும். தேவையான இடத்தில் பிரேக் குறைந்துபோகும்.

"ரேஸ் வண்டிகளுக்குன்னே ஏபிஎஸ் வருதாமே?" என்றேன். வருகிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனமே செய்கிறது. வண்டிக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். விலை பல ஆயிரம் பவுண்டு. டோனர் காரை அவள் வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு. மாப்பிள்ளை அந்த விலையைக் கேட்டுவிட்டு, "மாமா, சமையலறை புதுசு பண்றதா சொல்லியிருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். அந்த வழி அங்கேயே அடைபட்டது.

மகளின் இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையாக இருந்தது. "இந்த வண்டியில ஏர்பேக் இல்லை. கதவு இல்லை. கூரைகூட ஒரு துணிதான். இதுல ஏபிஎஸ் மட்டும் இருந்தா பாதுகாப்பு வந்துடுங்களா? ரோடு என்ன சொல்லுதுன்னு என் காலுக்கும் கைக்கும் நேரா தெரியணும்னுதான் இதைக் கட்டறேன். நடுவுல ஒரு ஆள் உக்காந்து மொழிபெயர்க்கறது எனக்கு வேண்டாம்."

"ஏர்பேக் இடிச்சதுக்கு அப்புறம் வேலை செய்யறது கண்ணு. இது இடிக்கறதுக்கு முன்னாடி வேலை செய்யறது. முன்னாடி ஒண்ணும் இல்லாத வண்டிக்குத்தான் இது அதிகமா வேணும்" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

அந்த வட்டாரத்துக்கும் இந்தக் கருவிக்கும் பழைய உறவு உண்டு. டன்லப் நிறுவனம் விமானங்கள் ஈர ஓடுதளத்தில் சறுக்காமல் இருக்க 'மேக்சரெட்' என்ற கருவியை 1950-களில் செய்தது. 1966-ல் அதைக் காரில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது வெஸ்ட் பிராம்விச் ஊரின் ஜென்சன் நிறுவனம். ஜென்சன் எஃப்.எஃப் என்ற அந்தக் காரின் நான்கு சக்கர இயக்கத்தை வடிவமைத்தது கவென்ட்ரியில் இருந்த ஃபெர்குசன் ஆராய்ச்சி நிறுவனம். மொத்தமே 320 கார்கள்தான் செய்தார்கள். எலெக்ட்ரானிக் மூளையோடு இன்றைய வடிவில் பாஷ் செய்த ஏபிஎஸ் மெர்சிடிஸ் காரில் வந்தது 1978-ல். நம் நாட்டில் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயமானது 2019-ல்தான். வீட்டில் கட்டும் ஒற்றைக் காருக்கு இங்கிலாந்தில் இன்றும் கட்டாயமில்லை. கட்டாயமில்லாததால்தான் எங்கள் வீட்டில் பஞ்சாயத்தே வந்தது.

முடிவு என்னால் வரவில்லை. பேரனால் வந்தது. பன்னிரண்டு வயது. ஒரு சனிக்கிழமை, இன்னும் பெயின்ட் அடிக்காத கூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, "அப்பிச்சி, முதல் ரவுண்டு அம்மாகூட நான்தான்" என்றான். இரண்டே சீட். மகள் ஸ்பேனரைக் கையில் வைத்தபடி அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"தனியா போனா என் காலை நம்பறேன். அவனை வெச்சுக்கிட்டு என் காலை நம்பச் சொல்லாதீங்க. ஆனா ஒரு நிபந்தனை. போட்டுட்டுச் சோதிப்போம். சரியா வரலைன்னா கழட்டிடுவேன். அப்போ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

நான் ஒத்துக்கொண்டேன். காரைப் பதிவு செய்வதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும் என்பதும் பேச்சில் இருந்தது. ஒரு வண்டியில் ஏபிஎஸ் பொருத்திவிட்டால், வருடாந்திரத் தகுதிச் சோதனையில் அதன் எச்சரிக்கை விளக்கையும் பார்ப்பார்கள். விளக்கு அணையாமல் எரிந்தால் ஃபெயில்தான். அதனால் ஒப்புக்குப் போட்டு வைக்க முடியாது. போட்டால், காலத்துக்கும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும்.

மறுநாளிலிருந்து நானும் கராஜில். ஆம்பளை மாப்பிள்ளை காபி கொண்டுவருவதும், பெண் காருக்கு அடியில் படுத்திருப்பதும் பார்த்து என் மனைவிக்கு ஆரம்பத்தில் தலை சுற்றியது. பிறகு அவளே டார்ச் பிடிக்க வந்துவிட்டாள்.

டோனரின் சக்கர ஹப்புகளையே கிட்டிலும் பயன்படுத்தியிருந்ததால் பல் வளையங்கள் அப்படியே வந்திருந்தன. சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சந்து இருக்கலாம். ஃபீலர் கேஜ் வைத்து நான்கையும் சரிபார்த்தேன். கண்ணாடி போட்டும் கண் கலங்கியது. கை மட்டும் மறக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து யூனிட்டுக்கு இரண்டு பைப் வரவேண்டும், யூனிட்டிலிருந்து சக்கரங்களுக்குப் போகவேண்டும். ஒவ்வொன்றையும் வளைத்து, நுனியை ஃபிளேர் செய்து, எஞ்சின் சூடு படாத வழியில் கொண்டுபோனோம். முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் என்று மகள் முடிவு செய்தாள். பின்னால் பெரிய டயர் போட்டால் பார்க்க அழகுதான். ஆனால் பெரிய டயர் மெதுவாகச் சுற்றும். முன்பின் வேகம் எப்போதும் ஒத்துப்போகாமல் மூளை குழம்பிவிடும்.

காற்று எடுப்பதுதான் பெரிய பாடு. யூனிட்டுக்குள் வால்வுகளின் மூலை முடுக்கில் காற்று ஒளிந்துகொள்ளும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். மோட்டாரை ஓடவிட்டு, வால்வைத் திறந்து மூடி, மறுபடி பிளீட் செய்து, இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் பெடல் கல் மாதிரி நின்றது.

அடுத்தது டிராக்‌ஷன் கன்ட்ரோல். ஏபிஎஸ் பிரேக் போடும்போது சறுக்குவதைத் தடுக்கிறது. இது முடுக்கும்போது சறுக்குவதைத் தடுப்பது. அறுநூறு கிலோ வண்டியில் சுமார் 140 குதிரைத்திறன், அதுவும் பின்சக்கரத்துக்கு மட்டும். ஈர ரோட்டில் ரவுண்டானாவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அதிகம் அமுக்கினால் வண்டி வாலை வீசும். மகள் ஏற்கெனவே எஞ்சினுக்கு வேறு கன்ட்ரோல் யூனிட் போட்டிருந்தாள். அதிலேயே இந்த வசதி இருந்தது. பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட இத்தனை சதவீதம் வேகமாகச் சுற்றினால் எஞ்சின் சக்தியைக் குறை என்று எழுதி வைத்துவிடலாம். அது முதலில் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். போதாவிட்டால் ஒரு சிலிண்டருக்கு பெட்ரோலை நிறுத்தும். ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தி பெட்ரோலை விட்டால், எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

வேகத்தை அறிய ஏபிஎஸ் சென்சாரின் ஒயரிலேயே கிளை எடுக்கலாமே என்றேன். "வேண்டாங்கப்பா. அது ரொம்பப் பலவீனமான சிக்னல். நடுவுல கை வெச்சா ரெண்டும் கெடும்" என்று தனியாக வேறு சென்சார்கள் பொருத்தினாள். பிரேக்கோடு வேறு எதையும் கோக்கக் கூடாது என்பது எங்கள் பணிமனையிலும் பாலபாடம். அதை அவள் யாரும் சொல்லாமலே செய்ததைப் பார்த்து மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். வெளியே காட்டவில்லை.

அரசு அனுமதிச் சோதனை, அங்கே ஐ.வி.ஏ. என்கிறார்கள், ஒரு நாள் முழுக்க நடந்தது. கூர்மையான ஓரங்கள் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார்கள். பிரேக்கை உருளைகள் மேல் ஏற்றி அளந்தார்கள். மெதுவான வேகத்தில் ஏபிஎஸ் தலையிடாது என்பதால், அங்கே தெரிவது அடிப்படை பிரேக்தான். முன்சக்கரம் முதலில் பூட்ட வேண்டும், பின்சக்கரம் முந்தக் கூடாது. பின்சக்கரம் முந்தினால் வண்டி சுழன்றுவிடும். இது லண்டனுக்கும் வால்பாறைக்கும் பொது விதி. வண்டி தேறியது.

ஆனால் எங்கள் சோதனை பாக்கி இருந்தது. பழைய விமானப்படை ஓடுதளம் ஒன்றில் நாள் வாடகைக்கு ஓட்ட விடுகிறார்கள். போன அன்று நல்ல மழை. எங்களுக்கு வசதிதான். மகள் ஓட்ட, ஹெல்மெட்டோடு நான் பக்கத்து சீட்டில். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. முதலில் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டு மணிக்கு 40 மைலில் போய், ஓங்கி மிதித்து, கூம்பைச் சுற்றித் திருப்பினாள். முன்சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் கூம்பைத் தட்டியது. மூன்று தடவையும் அதேதான். பிறகு ஃபியூஸைப் போட்டாள். பெடல் படபடத்தது. வண்டி கூம்பைச் சுற்றிக்கொண்டு போய் நின்றது. கூம்பு அசையவில்லை.

அடுத்து, கான்கிரீட் இணைப்புகள் தூக்கிக்கொண்டிருந்த கரடுமுரடான பகுதி. அங்கே ஏபிஎஸ்ஸோடு நின்ற தூரம், ஏபிஎஸ் இல்லாமல் நின்றதைவிட ஒரு கார் நீளம் அதிகம். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மூன்று வாரம் முன்பு சொன்னது அப்படியே நடந்தது.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நிபந்தனை அது. அவளே இறங்கி டயரை அழுத்திப் பார்த்தாள். டோனருக்குச் சொன்ன 26 பவுண்டு காற்றோடு சோதனையைத் தொடங்கியிருந்தோம். இலேசான வண்டிக்கு அது பந்து மாதிரி. 18-க்குக் குறைத்து, ஷாக் அப்சார்பரையும் கொஞ்சம் இளக்கினாள். மறுபடி ஓட்டியதில் அந்த ஒரு கார் நீளம் பாதியாகச் சுருங்கியது. முழுக்கப் போகவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடை மாதிரி ஒரு வேனில் நின்றபோது சொன்னாள்: "இருக்கட்டுங்கப்பா. நேரா நிக்கறதுல அரை வண்டி தூரம் போகுது. அதுக்கு நான் இடைவெளி விட்டு ஓட்டிக்கலாம். ஆனா திரும்பறது திரும்புது. அதை நான் எதை விட்டாலும் வாங்க முடியாது."

அந்தக் கணக்கை நான் போட்டிருந்தாலும் அப்படி அழகாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஏபிஎஸ் பற்றி யார் கேட்டாலும் இப்போது இதைத்தான் சொல்கிறேன். சரளைக் கல்லிலும், புதுப் பனியிலும், குண்டும் குழியுமான ரோட்டிலும் அது சில நேரம் தாமதமாகவே நிறுத்தும். வழுக்கை டயரை அது புதுசாக்காது. ஆனால் தடுமாறும் நேரத்தில் ஸ்டீயரிங்கை உங்கள் கையிலேயே வைத்திருக்கும்.

பேரனுக்கு முதல் ரவுண்டு கிடைத்தது. என் மனைவிக்கும் கிடைத்தது. புடவையைச் செருகிக்கொண்டு, மங்கி கேப் போட்டு, கதவில்லாத வண்டிக்குள் அவள் ஏறி இறங்கியதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

நாங்கள் ஊர் திரும்பி நாலு மாதம் ஆகிறது. போன வாரம் ராத்திரி மகளிடமிருந்து போன்.

"அப்பா, இன்னைக்குப் பையனைக் கூட்டிட்டு வர்றப்போ மழை. ரவுண்டானாகிட்ட ஒரு சைக்கிள்காரர் குறுக்க வந்துட்டார். பெடல் படபடன்னுச்சு. ஒடிச்சுத் திருப்பிட்டேன்."

"அப்புறம் என்னாச்சு கண்ணு?"

"ஒண்ணும் ஆகலீங்கப்பா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."